கணினியை அணைத்த பிறகும் கீபோர்டும் மவுஸும் விடிய விடிய எரிகின்றன

செந்தூல்_மூன்றாம்மாடி
வெள்ளி, இரவு 11:20

வணக்கம். சிக்கல் சிறியதுதான். ஆனால் மூன்று வாரமாக வீட்டில் ஒருவருக்கு நல்ல தூக்கம் இல்லை.

எங்களுடையது கோலாலம்பூர் செந்தூலில் இரண்டு அறை வீடு. கணினி மேசை ஹாலில் இருக்கிறது. கண்புரை அறுவை முடிந்ததிலிருந்து அம்மா அறையில் படுப்பதில்லை, புழுக்கம் தாங்கவில்லை என்று ஹாலில் பாய் போட்டுக்கொள்கிறார்.

போன மாதம் புதிதாக ஒரு கணினி அசெம்பிள் செய்தேன். விண்டோஸ் 11. ஷட் டவுன் கொடுத்தால் திரை இருண்டுவிடுகிறது, விசிறி நிற்கிறது, பெட்டியின் முன்விளக்கும் அணைகிறது. கீபோர்டு மட்டும் நீலமும் ஊதாவுமாக எரிந்துகொண்டே இருக்கிறது. மவுஸின் அடியில் சிவப்பு விளக்கு. ஹால் விளக்கை அணைத்ததும் இந்த வெளிச்சம் எதிர்ச் சுவர் முழுக்கப் படர்கிறது. அம்மா வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் படுத்திருப்பதை நான்தான் பார்த்தேன். அன்றிலிருந்து தினமும் ராத்திரி கீபோர்டு மேல் தலையணை வைத்து மூடுகிறேன்.

அணைத்த கணினியிலிருந்து மின்சாரம் எப்படி வருகிறது? இது கோளாறா? வாங்கிய கடையில் கேட்டேன், "எல்லாக் கணினியும் அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கெப்போங்_வரைகலை
வெள்ளி, இரவு 11:48

இது விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வேலையாக இருக்கும். விண்டோஸ் 8 வந்த 2012லிருந்தே ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் இல்லை. நம் நிரல்களை மூடிவிட்டு, விண்டோஸின் உள்பகுதியை மட்டும் அப்படியே வட்டில் எழுதி வைத்துக்கொண்டு படுத்துவிடும். மறுநாள் சீக்கிரம் எழுவதற்காக. ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஷட் டவுன் கொடுத்துப் பாருங்கள், அது முழுதாக அணைக்கும்.

செந்தூல்_மூன்றாம்மாடி
சனி, காலை 7:05

செய்து பார்த்தேன். மாற்றம் இல்லை. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையே எடுத்துவிட்டும் பார்த்தேன். இரண்டும் எரிகின்றன.

லோயாட்_மேசை
சனி, பகல் 12:30

லோயாட் பிளாசாவில் பழுதுபார்க்கும் மேசையில் உட்காருபவன் நான். இந்தக் கேள்வி இல்லாமல் ஒரு வாரம் போகாது.

நண்பரே, விண்டோஸை நோண்டிப் பயனில்லை. அணைந்த பிறகு அங்கே விண்டோஸே இல்லை. அப்போது யூஎஸ்பி துளைக்கு மின்சாரம் தரலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது மதர்போர்டு, அதாவது பெட்டிக்குள் எல்லாப் பாகமும் செருகியிருக்கும் பெரிய பலகை. பெரும்பாலான போர்டுகள் "தரலாம்" என்ற அமைப்போடுதான் வருகின்றன. கீபோர்டைத் தட்டிக் கணினியை எழுப்பவும், அணைத்த நிலையில் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றவும் அது வேண்டும்.

பயாஸில், அதாவது விண்டோஸ் எழும் முன் வரும் மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரையில் நுழையுங்கள் (ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசை). ஈஆர்பி என்ற பெயரில் ஓர் அமைப்பு இருக்கும். அசூஸ் போர்டில் அட்வான்ஸ்டு பகுதிக்குள் ஏபிஎம் என்ற இடத்தில் இருக்கும். எம்எஸ்ஐ, கிகாபைட் இரண்டிலும் பவர் மேனேஜ்மெண்ட் சார்ந்த பக்கத்தில் தேடுங்கள். அஸ்ராக் போர்டில் அதை டீப் ஸ்லீப் என்பார்கள். அதை இயக்கிவிட்டால் அணைத்த நிலையில் யூஎஸ்பிக்கு மின்சாரம் போகாது.

ஒரு விஷயம் கவனம். சில போர்டுகளில் "எஸ்5 மட்டும்", "எஸ்4, எஸ்5 இரண்டும்" என்று இரண்டு தேர்வு இருக்கும். எஸ்5 என்பது முழு ஷட் டவுன். எஸ்4 என்பது இருந்த நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டு அணைவது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினி ஷட் டவுனில் எஸ்5க்குப் போவதில்லை, எஸ்4க்குப் போகிறது. அதனால் எஸ்5 மட்டும் என்று வைத்தவர்கள் "ஈஆர்பி போட்டும் எரிகிறதே" என்று கணினியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மேலே கெப்போங் அண்ணன் சொன்னது அந்த இடத்தில் பொருந்தும். இரண்டும் என்றே வையுங்கள்.

ஆயர்_ஈத்தாம்_ஓய்வு
சனி, மாலை 4:15

தம்பி, கோளாறு ஒன்றும் இல்லை. பயப்பட வேண்டாம். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மின்சாரம் எப்படி வருகிறது என்று கேட்டீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

பழைய ஏடி வகைக் கணினிகளைப் பார்த்திருக்கிறீர்களா? முன்பக்கப் பொத்தானுக்குப் பின்னால் தடித்த கம்பி ஒன்று ஓடும். சுவரிலிருந்து வரும் அதே 240 வோல்ட் அந்தப் பொத்தான் வழியாகத்தான் போகும். விண்டோஸ் 95 வேலையை முடித்துவிட்டு, இனி அணைக்கலாம் என்று கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில் காட்டி நம் கைக்காகக் காத்திருக்கும். டக்கென்று அழுத்தினால் அணைந்தது அணைந்ததுதான். உள்ளே ஒரு சொட்டு மின்சாரம் இருக்காது.

1995ல் இன்டெல், போர்டும் பவர் சப்ளையும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஏடிஎக்ஸ் அமைப்பை வெளியிட்டது. (பினாங்குக்காரர்களுக்கு அது அந்நியப் பெயர் இல்லை. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் திறந்த முதல் தொழிற்சாலை 1972ல் இதே பாயான் லெப்பாஸில் வந்தது.) ஏடிஎக்ஸில் பொத்தான் மின்சாரத்தை வெட்டுவதில்லை. "எழுந்திரு" என்று மதர்போர்டுக்குச் சேதி மட்டும் சொல்கிறது. அந்தச் சேதியைக் கேட்க யாராவது விழித்திருக்க வேண்டும் இல்லையா? கடையைச் சாத்தின பிறகும் வாசலில் ஒரு ஜாகா (காவலாளி) உட்கார்ந்திருப்பதைப் போல.

அந்த ஜாகாவுக்குச் சோறு போடுவதற்காக பவர் சப்ளைக்குள்ளேயே இன்னொரு சின்ன பவர் சப்ளை இருக்கிறது. மதர்போர்டில் செருகும் 24 முனை இணைப்பியில் 9ஆம் முனை, பழைய வண்ண ஒழுங்குப்படி ஊதாக் கம்பி. 5 வோல்ட் ஸ்டாண்ட்பை, அதாவது காத்திருப்பு மின்சாரம் என்பார்கள். பல சப்ளைகளில் இது 2 முதல் 3 ஆம்பியர் வரை தரும். சுவர் சுவிட்ச் போட்டிருக்கும் வரைக்கும் இது நிற்காது. நீங்கள் பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டு 16ஆம் முனையில் இருக்கும் பச்சைக் கம்பியைக் கிரவுண்ட் கம்பியோடு இணைக்கும். அப்போதுதான் பெரிய சப்ளை எழுந்து 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் எல்லாவற்றையும் தரும்.

உங்கள் கீபோர்டு எரிவது அந்த ஊதாக் கம்பியில் வரும் மின்சாரத்தில். யூஎஸ்பி 2.0 துளை ஒன்று 500 மில்லியாம்பியர் வரை தரலாம், யூஎஸ்பி 3.0 துளை 900 வரை. கீபோர்டு விளக்குக்கு அது தாராளம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பொருள் வீணாவதைக் கண்ணால் பார்த்தவன் நான். அணைத்த கணினி என்று நினைத்துப் பெட்டியைத் திறந்து கார்டுகளைக் கழற்றாதீர்கள். கார்டு செருகும் இடங்களுக்கு 3.3 வோல்ட் துணை மின்சாரம் அப்போதும் வந்துகொண்டிருக்கலாம். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு முன்பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், தேங்கி நிற்கும் மின்சாரம் வடியும். போர்டில் இருக்கும் சின்ன விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகு கையை வையுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_மாணவி
சனி, மாலை 6:40

ஐயா, இவ்வளவு தெளிவாக எங்கள் விரிவுரையில்கூடச் சொல்லவில்லை, நன்றி. எனக்கு ஒரு பக்கக் கேள்வி. என் மடிக்கணினியில் ஒரு யூஎஸ்பி துளை மட்டும் அணைத்த பிறகும் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது. மற்றவை ஏற்றுவதில்லை. அதற்கும் ஊதாக் கம்பிதானா?

லோயாட்_மேசை
சனி, இரவு 7:10

மடிக்கணினியில் ஊதாக் கம்பி கிடையாது, தங்கச்சி, ஆனால் கணக்கு அதேதான். அந்தத் துளைக்குப் பக்கத்தில் மின்னல் அல்லது பேட்டரி படம் போட்டிருக்கிறதா பாருங்கள். அணைத்த நிலையிலும் மின்சாரம் தருவதற்கென்று ஒதுக்கிய துளை அது. பயாஸில் அதை நிறுத்தலாம். பையில் போட்டுக்கொண்டு போகும்போது அதில் எதையாவது செருகி வைத்தால், சில மாடல்களில் பேட்டரியிலிருந்தே எடுக்கும். காலையில் 100 சதவீதம் வைத்துவிட்டுப் போனேன், வகுப்பில் திறந்தால் பாதிதான் இருக்கிறது என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

செந்தூல்_மூன்றாம்மாடி
ஞாயிறு, காலை 9:30

பயாஸில் ஈஆர்பி கண்டுபிடித்தேன். எஸ்4, எஸ்5 இரண்டும் என்று வைத்தேன். கீபோர்டு அணைந்துவிட்டது! மிக்க நன்றி.

ஆனால் மவுஸ் இன்னும் எரிகிறது. ஒரே கணினி, ஒரே அமைப்பு, ஒன்று அணைகிறது, இன்னொன்று அணையவில்லை. பயாஸில் எல்லாப் பக்கமும் இரண்டு முறை தேடிவிட்டேன்.

கெப்போங்_வரைகலை
ஞாயிறு, காலை 10:02

போர்டின் எல்லாத் துளைகளும் ஒரே மாதிரி இருக்காது. சில துளைகள் சார்ஜ் ஏற்றுவதற்கென்றே தனியாக இருக்கும். மவுஸை வேறு துளைக்கு மாற்றிப் பாருங்கள். பழைய போர்டுகளில் இதற்கென்று ஜம்பர் இருந்தது நினைவிருக்கிறது, சாதாரண 5 வோல்ட்டா ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டா என்று ஒரு சின்னத் தொப்பியை நகர்த்தி வைக்க வேண்டும்.

ஆயர்_ஈத்தாம்_ஓய்வு
ஞாயிறு, காலை 11:20

தம்பி, பயாஸை மூடிவிடுங்கள். இனி அதில் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். கணினியை முறையாக அணைத்த பிறகு, கணினியின் பிளக் இருக்கும் சுவர் சுவிட்சை மட்டும் அணையுங்கள். மானிட்டர் சுவிட்சைத் தொட வேண்டாம். மவுஸ் எரிகிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம் மவுஸ் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டே போய், அது கடைசியில் எதில் செருகியிருக்கிறது என்றும் பாருங்கள்.

செந்தூல்_மூன்றாம்மாடி
ஞாயிறு, காலை 11:41

ஐயா, சுவர் சுவிட்சை அணைத்தும் எரிகிறது!! கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன். மவுஸ் கணினியில் இல்லை. மானிட்டரின் பின்னால் யூஎஸ்பி துளைகள் இருக்கின்றன, அதில் செருகியிருக்கிறது. மேசையில் கம்பி எட்டவில்லை என்று முதல் நாளே நான் அப்படிச் செய்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஆயர்_ஈத்தாம்_ஓய்வு
ஞாயிறு, பகல் 12:05

கிடைத்துவிட்டது. மானிட்டருக்குள் ஒரு யூஎஸ்பி ஹப், அதாவது ஒரு துளையைப் பல துளையாக்கும் கருவி இருக்கிறது. மானிட்டருக்குத் தனி பிளக், தனி மின்சாரம். கணினியில் என்ன அமைப்பை மாற்றினாலும் அதைக் கட்டுப்படுத்தாது. அந்த மவுஸுக்குக் கணினியோடு பேச்சு உண்டு, ஆனால் சாப்பாடு மானிட்டர் வீட்டில்.

தொழிற்சாலையில் புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் பழக்கியது இதைத்தான். எரியக்கூடாத ஒன்று எரிந்தால், அதைக் கட்டுப்படுத்துவது யார் என்று தேடாதே, அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு போ. பாதிப் பேர் அமைப்புகளில் தேடிக்கொண்டே நாளைக் கழிப்பார்கள்.

மானிட்டரின் மெனுவில் யூஎஸ்பி சார்ஜிங் அல்லது ஸ்டாண்ட்பையில் யூஎஸ்பி என்பது போல ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு நீட்டிப்புக் கம்பி வாங்கி மவுஸைக் கணினியிலேயே செருகுங்கள்.

லோயாட்_மேசை
ஞாயிறு, மாலை 3:50

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. இதே ஹப் விஷயத்தில் இன்னும் மோசமான ஒன்று உண்டு, சொல்ல வேண்டும்.

ஒரு வாடிக்கையாளர் வந்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் என் கணினிப் பெட்டிக்குள் விளக்கு மங்கலாக எரிகிறது என்றார். மேசையில் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மறுநாள் ஹப்பையும் கொண்டுவரச் சொன்னேன். தனி அடாப்டர் உள்ள மலிவு ஹப் அது. அடாப்டரைச் செருகி, ஹப்பைக் கணினியோடு இணைத்ததும் போர்டில் விளக்கு வந்தது. ஹப் தன் 5 வோல்ட்டைக் கீழே இருக்கும் கருவிகளுக்கு மட்டும் தர வேண்டும், மேலே கணினிப் பக்கம் தள்ளவே கூடாது. யூஎஸ்பி விதியே அதுதான். தடுப்பு வைக்காமல் செய்த ஹப்புகள் பின்வழியாகத் தள்ளுகின்றன. அதனால் கணினி முழுதாக அணைவதும் இல்லை, சில நேரம் ஆன் ஆகவும் தகராறு செய்கிறது. போர்டுக்கும் நல்லதில்லை. உங்கள் வீட்டில் இப்படி இருந்தால் அமைப்பை எல்லாம் தேடாதீர்கள், அந்த ஹப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கோம்தார்_நிழல்
ஞாயிறு, இரவு 8:15

எல்லாம் படித்தேன். எனக்கு ஒன்று புரியவில்லை. நம் நாட்டில் ஒவ்வொரு மூன்று முனைச் சாக்கெட்டிலும் சுவிட்ச் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் ஒயரிலும் இருக்கிறது. கணினியை அணைத்துவிட்டுச் சுவிட்சையும் அணைத்தால் கீபோர்டு, மவுஸ், மானிட்டர் எல்லாம் ஒரே தட்டலில் போய்விடும். நான் பல வருடமாக அப்படித்தான் செய்கிறேன். பயாஸ் வரை ஏன் போக வேண்டும்?

கெப்போங்_வரைகலை
ஞாயிறு, இரவு 9:00

கணினிக்குச் சரி. அதே எக்ஸ்டென்ஷனில் இங்க்ஜெட் பிரிண்டர் இருந்தால் சரியில்லை. நான் அச்சு வேலை செய்பவன், பட்டுத் தெரிந்துகொண்டேன். பிரிண்டரை அதன் சொந்தப் பொத்தானால் அணைத்தால்தான் மைத்தலை ஓரத்துக்குப் போய் மூடிக்குள் உட்காரும். சுவரில் வெட்டினால் தலை நின்ற இடத்திலேயே நின்று காயும். அடுத்த முறை ஆன் செய்தால் சுத்தம் செய்கிறேன் என்று மையை இறைக்கும். கல்யாணப் பத்திரிகை அவசரத்தில் ஒரு தலை அடைத்துக்கொண்டு, விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன்.

வெளி ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். திரை இருண்டதும் தட்டிவிடாதீர்கள். தட்டு சுற்றி நிற்கும் சத்தம் அடங்கட்டும்.

லோயாட்_மேசை
ஞாயிறு, இரவு 9:25

கணினிக்கும் முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன். தினமும் சுவரில் அணைப்பவர்கள் கொண்டுவரும் கணினிகளில் கடிகாரம் நின்றிருப்பதைப் பார்க்கிறேன். தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். உலாவி எந்தத் தளத்தையும் திறக்காது, பாதுகாப்புச் சான்று சரியில்லை என்னும். ஸ்டாண்ட்பை மின்சாரம் இருக்கும்போது கடிகாரம் அதில் ஓடும். சுவரில் வெட்டிவிட்டால் போர்டில் இருக்கும் சிஆர்2032 நாணய பேட்டரிதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

விண்டோஸ் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது திரை இருண்டதைப் பார்த்துச் சுவரைத் தட்டுபவர்களும் உண்டு. அது பேட்டரியை விடப் பெரிய செலவு.

ஆயர்_ஈத்தாம்_ஓய்வு
ஞாயிறு, இரவு 10:10

லோயாட் தம்பியோடு இதில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நாணய பேட்டரி சில வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும், தினமும் சுவரில் அணைத்தாலும் வருடக்கணக்கில் உழைக்கும். அதைக் காப்பாற்றுவதற்காகக் கணினியைச் சுவரோடு கட்டி வைக்க வேண்டியதில்லை. விசிறி நின்று, ஹார்ட் டிஸ்க் அடங்கி, பிறகு சுவிட்சை அணைத்தால் கணினிக்கு ஒரு கெடுதலும் இல்லை. கோம்தார் நண்பர் செய்வது நல்ல பழக்கம்.

ஆனால் நம் ஊரில் அந்தச் சுவிட்சை நம்பக்கூடாத ஒரு வேளை இருக்கிறது. மாலை இடி. கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மூன்று நான்கு மணிக்கு வானம் கறுத்தால் என்ன வரும் என்று. கணினி அணைந்திருக்கிறது என்பதால் மின்னல் அதை விட்டுவிடாது. ஊதாக் கம்பி உயிரோடு இருக்கிறது, பவர் சப்ளையின் முன்பகுதி முழுக்க மின்கம்பியோடு சேர்ந்தே இருக்கிறது. சுவிட்சை அணைத்தாலும் உள்ளே தொடுமுனைகளுக்கு நடுவே இருப்பது சில மில்லிமீட்டர் இடைவெளி. எங்கிருந்தோ அவ்வளவு தூரம் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்த மின்னலுக்கு அந்தச் சில மில்லிமீட்டர் எம்மாத்திரம்? பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

பிடுங்கியும் என் அக்காள் மகன் ஒரு போர்டை இழந்தான். பவர் பிளக்கைப் பிடுங்கினான், நெட்வொர்க் கம்பியை விட்டுவிட்டான். இடி மோடத்தில் இறங்கி, அந்தக் கம்பி வழியாக வந்து நெட்வொர்க் துளையைக் கருக்கிவிட்டது. அவன் கைநீட்டிக் காட்டினான், துளையின் உள்பக்கம் கரி. கம்பி எத்தனை வழியாக உள்ளே வருகிறதோ அத்தனையையும் பிடுங்குங்கள். இடி தலைக்கு மேல் வருவதற்கு முன்பே செய்யுங்கள். இடிக்கும்போது போய்த் தொடாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_மாணவி
திங்கள், காலை 8:20

மின்கட்டணம் பற்றி யாரும் சொல்லவில்லையே. இரவெல்லாம் எரிந்தால் எவ்வளவு ஆகும்?

கோம்தார்_நிழல்
திங்கள், காலை 8:55

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எல்லாம் சேர்ந்து 5 வாட், ஒரு நாளைக்கு அணைந்த நிலையில் 16 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்குச் சுமார் 29 யூனிட். முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென் என்றிருந்த பழைய வீட்டுக் கட்டணத்தில் 6 வெள்ளி 37 சென். ஒரு வீட்டுக்குப் பெரிய தொகை இல்லை.

ஆனால் எத்தனை கோடிக் கருவிகள் இப்படி இருக்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் அதனால்தான் 2008ல் விதி போட்டது. அணைத்த நிலையில் ஒரு கருவி எடுக்கும் மின்சாரம் 2010லிருந்து 1 வாட்டுக்கு மேல் போகக்கூடாது, 2013லிருந்து சாதாரண அணைந்த நிலையில் அரை வாட். பயாஸில் இருக்கும் ஈஆர்பி என்ற பெயரே அந்தச் சட்டக் குடும்பத்திலிருந்து வந்ததுதான். ஐரோப்பாவுக்காகப் போட்ட விதி, செந்தூலில் ஓர் அம்மாவின் தூக்கத்துக்கு உதவுகிறது.

செந்தூல்_மூன்றாம்மாடி
திங்கள், இரவு 9:40

ஒரு புதுச் சிக்கல். மானிட்டர் மெனுவில் ஐயா சொன்ன அமைப்பு இருந்தது, அணைத்தேன், மவுஸ் விளக்கு போய்விட்டது. ஆனால் இன்று அலுவலகத்திலிருந்து வீட்டுக் கணினியை எழுப்ப முயன்றேன், எழவில்லை. நான் அவ்வப்போது அங்கிருந்தபடியே நெட்வொர்க் வழியாக எழுப்பி ஒரு கோப்பை எடுப்பது வழக்கம். ஈஆர்பி போட்டதனாலா?

லோயாட்_மேசை
திங்கள், இரவு 10:15

ஆமாம், அதனால்தான். முதலிலேயே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். அணைந்த கணினியில் நெட்வொர்க் கார்டு ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் காது கொடுத்துக்கொண்டிருக்கும். தனக்கென்று ஒரு சேதி வருகிறதா என்று பார்க்கும். எஃப்எஃப் என்ற எண் 6 முறை, பிறகு அந்தக் கார்டின் மேக் முகவரி (அதற்கே உரிய அடையாள எண்) 16 முறை, அதுதான் எழுப்பும் சேதி. ஈஆர்பி போட்டால் அந்தக் காதும் அடைந்துவிடும். கீபோர்டைத் தட்டி எழுப்புவதும் போய்விடும்.

உங்களுக்கு அது வேண்டுமென்றால் ஈஆர்பியை எடுத்துவிடுங்கள். பதிலாகப் பயாஸில் இன்னும் இரண்டு இடம் பாருங்கள். சில அசூஸ் போர்டுகளில் எஸ்5 நிலையில் யூஎஸ்பிக்கு மின்சாரம் தரலாமா என்று தனியாகவே ஓர் அமைப்பு இருக்கிறது. அதை மட்டும் அணைத்தால் நெட்வொர்க் கார்டு விழித்திருக்கும், யூஎஸ்பி தூங்கிவிடும். இன்னொன்று, போர்டின் சொந்த வண்ண விளக்குகளை அணைந்த நிலையில் நிறுத்தும் அமைப்பு. அது போர்டு விளக்குக்கு மட்டும்தான், கீபோர்டுக்கு உதவாது, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தனி யூஎஸ்பி அமைப்பு உங்கள் போர்டில் இல்லையென்றால், ஷட் டவுன் கொடுக்கும் முன் கீபோர்டின் விளக்கை அதன் சொந்த விசையால் அணைத்துப் பாருங்கள். சில கீபோர்டுகள் அந்த நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும், சில வைத்துக்கொள்ளாது.

செந்தூல்_மூன்றாம்மாடி
புதன், காலை 6:50

என் போர்டில் அந்தத் தனி அமைப்பு இருந்தது! வேறு ஒரு பக்கத்தில், யூஎஸ்பி என்ற தலைப்பிலேயே இல்லாமல் ஒளிந்திருந்தது. ஈஆர்பியை எடுத்தேன், யூஎஸ்பியை மட்டும் நிறுத்தினேன், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை மறுபடி போடவில்லை. நேற்று அலுவலகத்திலிருந்து எழுப்பினேன், எழுந்தது. இரவில் அணைத்தேன், கீபோர்டு இருட்டு, மவுஸ் இருட்டு. மானிட்டரில் எரியும் சின்ன வெள்ளைப் புள்ளி விளக்குக்கும் மெனுவில் வழி இருந்தது, அதையும் அணைத்தேன்.

தலையணையை அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். இன்று காலை எழுந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி கரண்ட் போச்சாய்யா?"

ஆயர்_ஈத்தாம்_ஓய்வு
புதன், காலை 7:30

நல்லது தம்பி. மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. ஒன்று மட்டும். கண் அறுவை ஆனவர், மூன்று வாரமாக வெளிச்சத்தில் எழுந்து நடந்து பழகியவர், இப்போது ஹால் முழு இருட்டு. ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் மேசைக் கால் தட்டிவிடும். பாத்ரூம் வாசலில், தரையோரமாக, மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு சின்ன இரவு விளக்கு செருகி வையுங்கள். முகத்தில் படாத இடமாகப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயர் நடைபாதையில் கிடந்தால் அதையும் சுவரோரம் ஒதுக்கிவிடுங்கள்.

செந்தூல்_மூன்றாம்மாடி
புதன், இரவு 8:10

வேலை முடிந்து வரும் வழியில் வாங்கிவிட்டேன் ஐயா. ஒயரையும் ஒதுக்கியாகிவிட்டது.